நீலகிரித் தைலம்: பெயரிலேயே தொடங்கும் தவறுகள்

உதகைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பையில் வர்க்கியோடும் தேயிலைத் தூளோடும் ஒரு சிறு புட்டி நீலகிரித் தைலமும் இருக்கும். சளிக்கு ஆவி பிடிக்கவும், வலிக்கும் மூட்டில் தேய்க்கவும் தலைமுறைகளாக நம் வீடுகளில் பயன்படும் இந்தத் தைலத்தின் மீது எனக்கும் பற்று உண்டு. அதனாலேயே, அது தவறாகக் கையாளப்படுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

தவறுகளில் பெரும்பாலானவை அதன் பெயரிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் கருத்து. தைலம் என்ற சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தம் எள்ளின் நெய். சித்த மருத்துவத்திலும் தைலம் என்றால் பெரும்பாலும் மூலிகைகளை நல்லெண்ணெய் போன்றவற்றில் இட்டுக் காய்ச்சி வடித்ததையே குறிக்கும். நீலகிரித் தைலம் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று மலையில் பலர் கற்பூர மரம் என்றே சொல்லும் யூகலிப்டஸின் இலைகளைச் செம்புக் கொப்பரையில் அவித்து, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிரித்தெடுக்கும் செறிந்த சாறு அது. ஏறத்தாழ 100 கிலோ இலைக்கு 1 கிலோ தைலம்தான் கிடைக்கும். அதில் பாதிக்கும் மேல் சினியோல் என்னும் வேதிப்பொருள்.

ஆகவே, இருமலுக்கு நல்லது என்று சில சொட்டுகளைச் சர்க்கரையிலோ தேனிலோ கலந்து விழுங்குவதுதான் முதல் தவறு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி அளவே சிறு குழந்தையை வலிப்புக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் கொண்டுபோய்விடும்; பெரியவர்களுக்கும் ஆபத்தே. என் வீட்டு அலமாரியில் இருமல் மருந்துப் புட்டியும் தைலப் புட்டியும் ஒரே உயரத்தில், ஒரே பழுப்பு நிறத்தில், தோளோடு தோள் ஒட்டி நெடுநாள் நின்றிருந்தன. இரவில் விளக்கைப் போடாமல் கையை நீட்டினால் எது வரும் என்று ஒருநாள் தோன்றியதும், தைலத்தைப் பரணுக்கு மாற்றினேன். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தியோடு தைலம் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே புண்ணாகும். பால் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்கவும் கூடாது. 108ஐ அழைத்து, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூக்கடைத்த கைக்குழந்தையின் மூக்கருகிலோ நெஞ்சிலோ தைலத்தைத் தடவுவது அன்பினால் செய்யும் தவறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தக் காரம் குரல்வளையை இறுகச் செய்து மூச்சையே தடுக்கக்கூடும். மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே அந்த வயதுக்குப் போதும். வலிப்பு நோய் உள்ளவர்களும் இதை முகர்வதைத் தவிர்க்க வேண்டும். யூகலிப்டஸ் தைலத்தை முகர்ந்தபின் வலிப்பு வந்தவர்களைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இதன் நெடியே இழுப்பைத் தூண்டும்.

வலிக்குத் தேய்க்கும்போது கலக்காமல் அப்படியே பூசுகிறவர்கள் மிகுதி. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் அந்த எரிச்சல் தோல் புண்படுவதன் அறிகுறி. 30 மில்லி தேங்காய் எண்ணெயில் பன்னிரண்டு சொட்டுகள் வரை கலந்தால் போதும். அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. தோல் எரியத் தொடங்கினால் வெறும் தண்ணீரால் கழுவிப் பயனில்லை, தைலம் நீரில் கரையாது. தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் மட்டும் உடனே, நிறைய நீரால், நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீரில் கரையாத அதே இயல்பை ஆவி பிடிக்கும் பாத்திரத்திலும் காணலாம். சொட்டு விழுந்ததும் கண்ணாடிச் சில்லுபோல மேற்பரப்பில் பரவி மிதந்து, வெந்நீரின் சூட்டில் ஒரே மூச்சில் மேலெழும். போர்வைக்குள் கண்ணைத் திறந்து வைத்திருப்பவருக்கு அந்த முதல் அலை கண்ணில்தான் அறையும். இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் சொட்டு விடக் கூடாது. இது எளிதில் தீப்பற்றும் பொருள். பாத்திரத்தை இறக்கி, தரையில் அசையாமல் வைத்த பிறகே சொட்டு விட வேண்டும். குழந்தைகளைப் போர்வைக்குள் உட்காரவைக்கவே வேண்டாம், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து சளியைவிடப் பெரியது. மூக்குத் திறந்ததுபோன்ற குளிர்ச்சி கிடைப்பது உண்மைதான். ஆனால் அது ஆறுதலே, நோய்க்கான சிகிச்சை அன்று. காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாங்கும்போது ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். தூய தைலம் சில மணி நேரத்தில் ஆவியாகிப் போகும். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குக் கறை தங்கிவிடும். மண்ணெண்ணெய் போன்ற கலப்படத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதால் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத புட்டியை நான் வாங்குவதில்லை. பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்றாமல், அடர்நிறக் கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். காற்றுப்பட்டுப் பழையதான தைலம் தோலை இன்னும் கூடுதலாக எரிக்கும்.