விமான நிலையம் வரும் நகரில் மனை வாங்குவோரும் கட்டுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான நிலையம் வருகிறது என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்?" மனை விளம்பரங்களும் அதையே பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆனால் தூரம் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். விமானம் எந்தத் திசையில் ஏறி இறங்குகிறது, உங்கள் மனைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது, எந்த நேரத்தில் போகிறது என்ற மூன்றும் தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

திசையிலிருந்து தொடங்கலாம். இரைச்சல் விமான நிலையத்தைச் சுற்றி வட்டமாகப் பரவுவதில்லை. ஓடுபாதையின் நேர்கோட்டில் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் 3 கி.மீ. தள்ளியிருக்கும் தெரு அமைதியாக இருக்கலாம். அதே கோட்டில் 8 கி.மீ. தள்ளியிருக்கும் தெருவில் ஒவ்வொரு விமானத்துக்கும் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கலாம். இதை வீட்டிலிருந்தே சோதிக்க முடியும். ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டிப் பாகை கிடைக்கும்: 09 என்றால் 90 பாகை, அதாவது கிழக்கு. வரைபடத்தில் அந்தக் கோட்டை இரு முனைகளிலிருந்தும் 15 கி.மீ. நீட்டி, மனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். இறங்கும் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 52 மீட்டர் இறங்கும். ஓடுபாதை முனையிலிருந்து 10 கி.மீ.யில் அது சுமார் 540 மீட்டர் உயரத்திலும், 5 கி.மீ.யில் சுமார் 275 மீட்டர் உயரத்திலும் இருக்கும்.

நேர்கோட்டில் இல்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைப்பதும் தவறுதான். இறங்கும் பாதை பெரும்பாலும் நேராக இருக்கும். ஏறும் பாதை வளையும். பெர்லினின் புதிய விமான நிலையத்துக்கு அனுமதி கிடைத்தபோது, விமானங்கள் நேராக ஏறிப் போகும் என்ற கணக்கில்தான் பலர் வீடு வாங்கினார்கள். 2010 செப்டம்பரில் வெளியான பாதைத் திட்டம் வேறாக இருந்தது. இரண்டு இணை ஓடுபாதைகளிலிருந்து ஒரே நேரத்தில் தனித்தனியே கிளம்ப வேண்டுமானால் பாதைகள் குறைந்தது 15 பாகை விலக வேண்டும். அந்த விலகலால், இரைச்சலை எதிர்பார்க்காத ஊர்களுக்கு மேல் கோடுகள் விழுந்தன. பெரும் போராட்டம் வெடித்தது. அதனால் இன்று இருக்கும் ஒரு ஓடுபாதையை மட்டும் பார்க்காதீர்கள். மாஸ்டர் பிளானில் இரண்டாவது ஓடுபாதை எங்கே வரைந்திருக்கிறது என்று பாருங்கள். அது இருபது ஆண்டு கழித்து வரலாம். நீங்கள் கட்டும் வீடும் அப்போது அங்கேதான் நிற்கும்.

பணத்தை அதிகம் விழுங்குவது உயரக் கணக்கில் வரும் பிழை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நெடுநாள் முறைப்படி, பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 4 கி.மீ. வரை 45 மீட்டர் உயரத்தில் ஒரு கற்பனைக் கூரை விரிந்திருக்கிறது. அதற்கு அப்பால் கூரை 5 சதவீதச் சரிவில் உயர்ந்து, 6 கி.மீ.யில் 145 மீட்டரைத் தொடும். ஓடுபாதைக்கு நேரே விதி இதைவிடக் கடுமை. முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளி 2 சதவீதச் சரிவு தொடங்கும், 1 கி.மீ. தூரத்தில் 19 மீட்டருக்கு மேல் எதுவும் எழக் கூடாது. சில நாடுகள் இதைவிடவும் இறுக்கமான வரம்பு வைத்திருக்கின்றன.

அந்த 45 மீட்டர் உங்கள் தரையிலிருந்து அல்ல, விமான நிலையத்தின் மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 20 மீட்டரில் இருந்தால், கூரை 65 மீட்டரில். உங்கள் மனை மேட்டில், 38 மீட்டரில் இருந்தால் மிச்சம் 27 மீட்டர்தான். மாடிக்கு 3.2 மீட்டர் வீதம் எட்டு மாடி 25.6 மீட்டர், சரியாகப் பொருந்துவதுபோல் தெரியும். அதன் மேல் லிஃப்ட் அறையும் தண்ணீர்த் தொட்டியுமாக 3 மீட்டர் ஏறினால் 28.6. ஒரு மாடி போயிற்று. இடிதாங்கி, ஆன்டெனா, விளம்பரப் பலகை எல்லாமே அனுமதிக்கப்பட்ட உச்ச உயரத்துக்குள் அடங்க வேண்டும். கட்டும்போது நிறுத்தும் டவர் கிரேன் கட்டடத்தைவிட உயரமானது. அதற்குத் தனியாக அனுமதி வாங்கவில்லை என்றால் வேலை பாதியில் நிற்கும்.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. கையடக்க ஜிபிஎஸ் கருவி காட்டும் உயரம் எப்போதும் கடல் மட்டத்திலிருந்து எண்ணியதாக இருக்காது. சில கருவிகள் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து எண்ணுகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்தைப் பொறுத்துச் சில மீட்டரும் இருக்கலாம், 100 மீட்டரை நெருங்கவும் செய்யலாம். உயர அனுமதிக்கான விண்ணப்பத்தில் தவறான எண் போனால் சான்றிதழ் வந்தும் பயனில்லை. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து, மனையின் எல்லா மூலைகளுக்கும் ஆயத்தொலைவும் கடல் மட்ட உயரமும் அளந்து, அதன் பிறகே உயர அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அடுக்குமாடி வீடு வாங்குபவர் பில்டரிடம் கேட்க வேண்டியது: சான்றில் உள்ள உச்ச உயரம் என்ன, கட்டி முடித்த கட்டடத்தின் உச்ச உயரம் என்ன, சான்று இன்னும் செல்லுமா? நகராட்சி அனுமதிக்கும் தளப்பரப்பு வேறு, விமானத் துறை அனுமதிக்கும் உயரம் வேறு. இரண்டில் எது குறைவோ அதைத்தான் கட்ட முடியும்.

உயரம் குறைவாக இருந்தால் கவலையே இல்லை என்று கிடங்கு கட்டுவோர் நினைப்பதுண்டு. ஆனால் அகலமான உலோகச் சுவர், தரையிறங்கும் விமானத்துக்கு ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவியின் சமிக்ஞையைத் தெறிக்க வைக்கும். தரையோடு ஒட்டிய கொட்டகைக்கும் மறுப்பு வரலாம். பளபளக்கும் கண்ணாடி முகப்பு விமானியின் கண்ணைக் கூசச் செய்யும். பறவைகளை இழுக்கும் குப்பைக்கிடங்கு, திறந்த நீர்நிலை போன்றவற்றுக்கு 13 கி.மீ. வரை கவனம் தேவை என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். மனைப்பிரிவுக்குள் அழகுக்காக ஏரி வெட்டுமுன் இதையும் விசாரியுங்கள்.

இரைச்சல் வரைபடத்தை நம்பலாம், ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் இருப்பது ஆண்டுச் சராசரி. பொதுவான கணக்கில் ஒரு இரவு விமானம் பத்துப் பகல் விமானங்களுக்குச் சமம். விமானங்களின் எண்ணிக்கை இரட்டித்தாலோ எண் வெறும் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அந்த எண் காட்டாது. அமெரிக்காவில் குடியிருப்புக்கான எல்லையாக 65 டெசிபல் வழக்கத்தில் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2018-ல் பரிந்துரைத்தது 45, இரவுக்கு 40. வரைபடத்தின் இரைச்சல் கோட்டுக்கு வெளியே இருக்கிறோம் என்பது அமைதிக்கான உத்தரவாதம் இல்லை. காற்று மாறினால் ஓடுபாதையைப் பயன்படுத்தும் திசையும் மாறும். அதனால் வெவ்வேறு பருவங்களில், இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் மனையில் அரை மணி நேரம் நின்று கேளுங்கள். தரகர் அழைத்துப் போகும் மதிய நேரம் போதாது.

சன்னலில் செய்யும் தவறு தனி. 12 மி.மீ. இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி வெப்பத்தைத் தடுக்க வந்தது. விமானத்தின் தாழ்ந்த உறுமலை அது பெரிதாகத் தடுக்காது. இரண்டு தனிச் சட்டங்கள், நடுவே 100 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி, வெவ்வேறு தடிமன் கொண்ட கண்ணாடிகள், சுற்றிலும் இறுக்கமான ரப்பர் அடைப்பு என்று போனால்தான் பலன். சன்னலைத் திறந்ததும் அத்தனையும் வீண். எனவே மூடிய அறைக்குள் காற்று வரும் ஏற்பாட்டையும் அதே வரைபடத்தில் சேருங்கள். கடைசி மாடியில் ஒலி கூரை வழியாகவும் இறங்கும்.

புதிய வழித்தடம் அறிவித்ததுமே ஹோட்டல் கட்டக் கிளம்புவோர் இருக்கைகளை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது தங்குபவர்களை. 180 இருக்கை விமானம் தினம் ஒன்று வருகிறது, 80 சதவீதம் நிறைகிறது என்றால் 144 பேர். ஊர் திரும்புபவர், உறவினர் வீட்டுக்குப் போகிறவர், அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவர் போக, கால்வாசிப் பேர் இரண்டு இரவு தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு ஒருவர் என்றாலும் 72 அறைதான், அதுவும் நகரத்தின் எல்லா ஹோட்டல்களுக்கும் சேர்த்து. விமான அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகிறது. ஒரு வழித்தடம் நான்கு அட்டவணைப் பருவம், அதாவது இரண்டு ஆண்டு, தொடர்ந்து ஓடிய பிறகு அதைக் கணக்கில் சேர்ப்பது நல்லது. தொடக்கச் சலுகை தீர்ந்ததும் நிற்கும் தடங்கள் உண்டு.

விமான நிலையமே எதிர்பார்த்தபடி நடக்காமலும் போகும். கனடாவின் மான்ட்ரியலுக்காக மிகப்பெரிய நிலப்பரப்பைக் கையகப்படுத்தி 1975-ல் திறந்த மிராபெல் நிலையத்திலிருந்து 2004-ல் பயணிகள் விமானங்கள் முற்றிலும் விலகின. நகருக்குப் பக்கத்திலிருந்த பழைய நிலையத்தை மூடாததும், போதிய போக்குவரத்து இணைப்பு வராததும் முக்கியக் காரணங்கள். எனவே அறிவிப்பைவிட, நிலம் கைக்கு வந்ததா, நிதி முடிவானதா, சாலைக்கோ ரயிலுக்கோ ஒப்பந்தம் போட்டார்களா, பழையது மூடப்படுமா என்று பாருங்கள்.

பழையது மூடப்படும் இடத்தில் கணக்கு தலைகீழாகும். ஹாங்காங்கில் கை டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்ட பிறகுதான், அதன் பாதையால் தாழ்ந்தே கிடந்த கவுலூனில் உயரமான கட்டடங்கள் எழ முடிந்தது. ஆனால் கடைசி விமானம் கிளம்பும் நாளும் உயரக் கட்டுப்பாடு நீங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டை நீக்கும் ஆணை எழுத்தில் வரும்வரை, பழைய உயரத்துக்கான விலையைத் தாண்டி அங்கே நிலம் வாங்காதீர்கள்.