தீராத வயிற்றுத் தொல்லை: கேஸ்ட்ரோ டாக்டரை எப்போது பார்ப்பது?

மருந்துக் கடையில் "கேஸுக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டால் உடனே கிடைத்துவிடும். ரெண்டு நாள் அடங்கும், மறுபடி வரும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள், வலி தாங்க முடியாமல் போகட்டும், அப்போது டாக்டரைப் பார்க்கலாம் என்று இருக்கிறார்கள். தயவுசெய்து வலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெருங்குடல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வெறும் வாயுப்பிடிப்போ ஆளையே சுருட்டிப் போட்டுவிடும். எத்தனை நாளாக இருக்கிறது, கூடவே வேறு என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 1: இன்றே போக வேண்டியதா?

ரத்த வாந்தி, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போலக் கறுத்து நாறும் மலம், வயிறு கல்லாக இறுகி வலிப்பது, வாந்தியோடு மலமும் வாயுவும் அறவே பிரியாமல் நின்றுபோவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அதை கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலி லேசாகவே தெரியலாம்.

படி 2: அபாய அறிகுறி உண்டா?

இவை இருந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் கேஸ்ட்ரோ டாக்டரிடம், அதாவது இரைப்பை குடல் சிறப்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்: முயற்சி செய்யாமலே எடை குறைவது, விழுங்கும்போது சோறு தொண்டையிலோ நெஞ்சிலோ அடைப்பது, காரணம் தெரியாத ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, 45, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மலப்பழக்க மாற்றம், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குடல் புற்றுநோய்.

மலத்தில் ரத்தம் வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தம் என்றதும் மூலம்தான் என்று நாமே முடிவுகட்டி, கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல், 'மூலம், பௌத்திரம்' போர்டு மாட்டிய இடத்தில் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பல நேரம் அது மூலமாகவே இருக்கும். ஆனால் மூலம் இருக்கிறவருக்கும் குடலில் கட்டி இருக்கலாம், பரிசோதிக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும்: இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 3: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

மேலே சொன்னது எதுவும் இல்லையா? சரி, ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தொல்லை வந்தது, மலம் எப்படிப் போனது, என்னென்ன மாத்திரை போட்டீர்கள். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சிலருக்குப் பேதியாக்கும். பால் குடித்த நாளில் மட்டும் உப்புசம் வருகிறதா என்பதும் நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 4: குடும்ப டாக்டர், அப்புறம் ஒரு கெடு

நோட்டோடு குடும்ப டாக்டரைப் பாருங்கள். நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பிட்டபின் போட்டுவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். சரியாகப் போட்டும் எட்டு வாரத்தில் அடங்கவில்லை, அல்லது நிறுத்தியதும் திரும்ப வருகிறது என்றால் சிறப்பு மருத்துவரிடம் போங்கள். வயிற்றுப்போக்குக்கு நான்கு வாரம்தான் கெடு. அதற்கு மேல் நீடித்தால் காரணம் தேடியாக வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் அதில் ஒன்று.

படி 5: எந்த டாக்டர்?

எம்.டி.க்குப் பின் இரைப்பை குடலில் டி.எம். படித்தவரைப் பாருங்கள். எம்.சிஎச். என்றிருந்தால் அவர் அறுவை சிகிச்சை நிபுணர். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு.

படி 6: போகும்போது

பழைய ரிப்போர்ட், நோட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்டோஸ்கோபி (வாய் வழியாக கேமரா குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) என்றதும் பயப்பட வேண்டாம், வெறும் வயிற்றோடு போனால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அல்சர் என்றால் காரமும் கவலையும்தான் காரணம் என்று இருந்த காலத்தில், ஹெலிகோபாக்டர் என்ற கிருமிக்கு அதில் பங்குண்டு என்று காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தக் கிருமியை ஒழிக்கலாம். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கிருமிக்கான பரிசோதனையில் அது தெரியாமல் மறைந்துவிடக்கூடும். அதனால் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்தும் தொல்லை தொடர்ந்தால் மனப்பிரமை என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஐ.பி.எஸ். (IBS, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்ற குடல் கோளாறில் பரிசோதனைகள் நார்மலாகத்தான் வரும், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. அடுத்து எப்போது வர வேண்டும், அதற்குள் என்ன மாறினால் உடனே வர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அதே நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.