குரோமோசோம்களை எண்ணும்போது சென்ட்ரோமியரைப் பாருங்கள்

செல் பகுப்புப் படத்தைக் கொடுத்து, அதில் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்று கேட்டால், மாணவர்களில் பலர் குரோமாட்டிடுகளை (இரட்டிப்பான குரோமோசோமின் ஒரே மாதிரியான இரு இழைகளை) எண்ணி விடையைத் தவறவிடுகிறார்கள். அந்த இழைகள் பிணைந்திருக்கும் இடமான சென்ட்ரோமியர்களை மட்டும் எண்ணுவதே பாதுகாப்பான வழி. ஒரு சென்ட்ரோமியர் இருந்தால் ஒரு குரோமோசோம் என்பதே கணக்கு.

வெங்காய வேர்நுனிச் செல்லை எடுத்துக்கொள்வோம். அதில் 16 குரோமோசோம்கள் உள்ளன. பகுப்புக்கு முன்பே டி.என்.ஏ. இரட்டிப்பாகிவிடுவதால் குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டமான மெட்டாஃபேஸில் 32 குரோமாட்டிடுகள் தெரிந்தாலும், இரண்டிரண்டாக அவை ஒரே சென்ட்ரோமியரில் பிணைந்திருக்கும் வரை குரோமோசோம் எண்ணிக்கை 16 ஆகவே இருக்கும். அடுத்த கட்டமான அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிரிந்தவுடன் அதே செல்லில் எண்ணிக்கை 32 ஆகிவிடுகிறது; டி.என்.ஏ.வின் அளவோ சிறிதும் கூடுவதில்லை. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனச்செல்களை உருவாக்கும் பகுப்பான மியாசிஸின் முதல் அனாஃபேஸில் கூடுதல் கவனம் தேவை. அங்கே விலகிச் செல்பவை ஒத்த குரோமோசோம்களே (தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இணைகளே) தவிர, சென்ட்ரோமியர்கள் பிரிவதில்லை. ஆகவே மனிதச் செல்லில் அப்போதும் மொத்தம் 46 என்றே எழுத வேண்டும். துருவத்துக்கு 23 வீதம் செல்லும் அவை ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிடுகள் இருக்கும். படம் வரையும்போதே சென்ட்ரோமியரை அடர்ந்த புள்ளியாகக் குறித்துக்கொண்டால், எண்ணுவதற்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது.