இரண்டாண்டு சமூக அறிவியல் படிப்பு: பாடங்களை எப்படி அடுக்குவது?

கலிபோர்னியாவில், இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல வழிசெய்யும் சமுதாயக் கல்லூரியில் சேரும் பிள்ளைகள் "எந்தப் பாடம் எளிது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கவுன்சலராக நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூன்றாம் ஆண்டு எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தத் துறையில் படிக்கப் போகிறாய்? அதைத் தெரிந்துகொண்டு பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கு 60 யூனிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும். கால்-கெட்சி (Cal-GETC) என்னும், எல்லாத் துறையினருக்குமான பொதுக்கல்விப் பாடத் தொகுப்பு 34 யூனிட். முதன்மைத் துறைக்குக் குறைந்தது 18. பொதுக்கல்வியிலேயே இரு வேறு சமூக அறிவியல் துறைகளிலிருந்து ஒவ்வொரு பாடம் கேட்கிறார்கள். உளவியல் மாணவி எடுக்கும் உளவியல் அறிமுகம் இங்கும் கணக்காகும், முதன்மைத் துறையிலும் கணக்காகும். இப்படி இரட்டைக் கணக்கில் மிஞ்சும் யூனிட்டுகளை எளிய பாடங்களால் நிரப்பாதீர்கள். போக விரும்பும் பல்கலைக்கழகம் கேட்கும் பாடங்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில், உங்கள் கல்லூரியையும் சேர வேண்டிய துறையையும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒரு தாளில் நான்கு பருவங்களுக்கும் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம், துறை அறிமுகம். இரண்டாவதில் புள்ளியியல். அதைத் தள்ளிப்போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சமூகவியலோ உளவியலோ, ஆய்வுமுறைப் பாடத்துக்கு அதுதான் பெரும்பாலும் முன்தேவை. அது தள்ளிப்போனால் பின்னால் வருவதெல்லாம் தள்ளிப்போகும். பொருளியல் மாணவர்கள் கால்குலஸையும் இப்போதே தொடங்க வேண்டும். மூன்றாவதில் ஆய்வுமுறை, ஆய்வகத்துடன் கூடிய ஓர் அறிவியல் பாடம். இனக்குழு ஆய்வு, கலை, மேடைப்பேச்சு ஆகியவற்றை மற்ற இடங்களில் பொருத்திக்கொள்ளலாம்.

இலையுதிர் காலச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே அனுப்புகிறோம். அப்போது கையில் இருப்பது பெரும்பாலும் முதலாண்டு மதிப்பெண்கள்தான். கால்-கெட்சி பாடங்களிலும் முதன்மைத் துறைப் பாடங்களிலும் ஒவ்வொன்றிலும் 'சி' தரமாவது வேண்டும். மொத்தச் சராசரி 4.0-க்கு 2.0 இருந்தால் பட்டத்துக்குப் போதும். போட்டி மிகுந்த துறைகளுக்குப் போதவே போதாது.

எஃப்-1 என்னும் வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தால் விசா விதி நிறைவேறும். நான்கு பருவத்தில் 48தான் சேரும். 15 எடுங்கள், அல்லது கோடைக்காலத்தைப் பயன்படுத்துங்கள். முழுநேரக் கணக்கில் ஒரே ஓர் இணையவழிப் பாடம்தான் சேரும் என்பதையும் பதிவுசெய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டம் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்கிறது. நீங்கள் ஆசைப்படும் வளாகத்தையோ துறையையோ அல்ல. ஆகவே இரண்டு மூன்று வளாகங்களின் தேவைகளை அந்தத் தாளிலேயே பக்கத்தில் எழுதி, கவுன்சலரிடம் காட்டிக் கல்வித் திட்டமாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள். கடைசிப் பருவத்தில் பட்டத்துக்கான விண்ணப்பத்தையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.