புறம். 268-ஐ எங்கே கண்டெடுத்தீர்கள்?

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏம்மா, மூன்றாம் இயலில் புறம். 268 என்று போட்டிருக்கிறீர்களே, அந்த ஏட்டை எங்கே கண்டெடுத்தீர்கள்?" அரங்கில் சிரிப்பு. எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. புறநானூற்றில் 267, 268 இரண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை. நான் எழுத நினைத்தது 278, மகன் போரில் சிதைந்து கிடப்பதைக் கண்ட முதியவள் 'ஈன்ற ஞான்றினும் பெரிதுவந் தனளே' என்று வருமே, அந்தப் பாட்டு. என் கையெழுத்தில் 7 கொஞ்சம் வளையும். டிடிபி கடைத் தம்பி அதை 6 என்று அடித்துவிட்டார். நான் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். மூன்று முறையும் பார்த்தது என் கையெழுத்துப் படியைத்தான், புறநானூற்றை அல்ல.

பட்டம் கிடைத்துவிட்டது. இப்போது நானே நெறியாளர். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுவேன்: அடிக்குறிப்பு என்பது நீங்கள் நிறையப் படித்திருக்கிறீர்கள் என்று காட்டுவதற்கு இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் நூலகத்துக்குப் போய், நீங்கள் சொன்ன நூலை எடுத்து, நீங்கள் சொன்ன வரியில் விரல் வைக்க முடிய வேண்டும். ஊருக்கு வழி கேட்பவருக்கு 'அந்தப் பக்கம்தான்' என்று கையைக் காட்டினால் போதுமா? எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று சொல்ல வேண்டாமா?

இலக்கியங்களுக்குப் பக்க எண் உதவாது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பாட்டு எண் மாறாது. ஆகவே புறம். 192:1 என்று பாட்டையும் அடியையும் கொடுங்கள். குறளுக்குக் குறள் எண் போதும். சிலம்புக்குக் காதையும் அடியும். கண்ணகி வழக்குரைத்த இடம் என்றால் சிலப். 20 என்று தொடங்கி அடி எண். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை, ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை, நற்றிணையில் 234 இல்லை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன், 268-ஐச் சிவப்பு மையில்.

தொல்காப்பியம் வந்தால் நூற்பா எண்ணோடு நிறுத்தாதீர்கள். ஓர் உரைகாரர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். இளம்பூரணரில் இருக்கும் எண் நச்சினார்க்கினியரில் இருக்காது. 'தொல். பொருள். இளம்.' என்று உரைகாரர் பெயரைச் சேர்த்தால்தான் எண்ணுக்குப் பொருள்.

குறள் எல்லாருக்கும் மனப்பாடம், அதனால்தான் அதிலே அதிகம் சறுக்குகிறார்கள். 'அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்பது எத்தனையாவது குறள்? கேட்டவுடன் 423 என்பார்கள். 355-இலும் அதே அடிதான். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்பது 423, அறிவுடைமை. 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்பது 355, மெய்யுணர்தல். ஒன்று கேட்டதை ஆராயச் சொல்கிறது, மற்றது துறவறவியலில் வருகிறது. எண் மாறினால் வாதமே மாறிவிடும். மனப்பாடமாகத் தெரிந்தாலும் நூலைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பாட்டு எண் கொடுத்துவிட்டதால் பதிப்பைச் சொல்ல வேண்டாம் என்று எண்ண வேண்டாம். பாடபேதம் இருக்கிறது. உங்கள் வாதம் ஒரு சொல்லின்மேல் நிற்கிறது என்றால், அந்தச் சொல் யார் பதிப்பில் எப்படி இருக்கிறது என்பதுதான் சான்று. துணைநூற்பட்டியலில் இப்படி:

சாமிநாதையர், உ.வே. (பதி.), புறநானூறு மூலமும் பழைய உரையும், டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், சென்னை, பிறகு உங்கள் கையில் உள்ள பதிப்பின் ஆண்டு.

'உங்கள் கையில் உள்ள' என்பதில்தான் சிக்கலே. உ.வே.சா. புறநானூற்றை முதலில் அச்சிட்டது 1894-இல். நீங்கள் புரட்டியது 2014 மறுபதிப்பு என்று வையுங்கள். பட்டியலில் 1894 என்று போட்டால் பொய், ஏனென்றால் நீங்கள் தரும் பக்க எண் அந்த நூலில் இல்லை. வெறும் 2014 என்று போட்டால் வேறொரு கூத்து நடக்கும். 'உ.வே.சா. (2014) கூறுவது போல' என்று ஓர் ஆய்வேட்டில் படித்தேன். அவர் 1942-இல் மறைந்தவர். மறுபதிப்பு ஆண்டைக் கொடுத்து, முதற்பதிப்பு 1894 என்று பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சான்று காட்டும் ஆங்கில முறைகளில் ஒன்றான ஏபிஏ-வைப் பின்பற்றச் சொல்லும் இதழ் என்றால் 1894/2014 என்று சாய்கோடு போட அந்த முறையே இடம் தருகிறது.

அடுத்து பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். வரதராசன், மு. என்று எழுதும்போது முன்னால் வருவது அவருடைய சொந்தப் பெயர். துணைநூற்பட்டியலைத் தொகுத்துத் தரும் ஸோட்டெரோ போன்ற மென்பொருள்கள் பெயருக்கு இரண்டு பெட்டி வைத்திருக்கின்றன. அப்பா பெயரை விரித்து எழுதி, குடும்பப் பெயருக்கான பெட்டியில் போட்டீர்களானால் பட்டியல் முழுக்க அப்பாக்கள் வரிசையாக நிற்பார்கள். அங்கேயே பெயரை ஒற்றைப் பெட்டியாக மாற்றும் சிறு பொத்தான் உண்டு, அதை அழுத்துங்கள். பெண் ஆய்வாளர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஒரு தலைப்பெழுத்து, பின் ஒன்று. ஒரே அம்மாவைப் பட்டியலில் இரண்டு பேராகப் பார்த்திருக்கிறேன். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்று விதமாக அச்சாகியிருந்தாலும் உங்கள் பட்டியலில் ஒரே வடிவம்தான்.

அகரவரிசையைக் கணினியிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். யுனிகோடு எண்படி அடுக்கினால் ழகரம் வகரத்துக்கு முன்னால் வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஆகவே பவணந்தி முதலில், பழனி பிறகு. கணினி தலைகீழாக வைத்திருந்தால் கையால் மாற்றுங்கள்.

இனி 'மேலது', அதாவது முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்று காட்டும் சொல். இந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் மாணவி ஒருத்தி பிணைப்புக்குக் கொடுக்க நான்கு நாள் இருக்கும்போது இரண்டாம் இயலில் ஒரு பத்தியைச் செருகினாள், அதற்கு ஒரு நாளிதழ்ச் செய்தியை அடிக்குறிப்பாகக் கொடுத்தாள். அதற்குக் கீழே ஏழு 'மேலது' இருந்தது. செருகுவதற்கு முன் அவை நச்சினார்க்கினியர் உரையைக் காட்டின. செருகிய பின் ஏழும் நாளிதழைக் காட்டின. நச்சினார்க்கினியர் செய்தியாளர் ஆகிவிட்டார்! எழுதி முடிக்கும் வரை 'மேலது' என்ற சொல்லையே தொடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஆசிரியர், நூலின் குறுந்தலைப்பு, பக்கம் என்று முழுதாக எழுதுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, நெறியாளர் கேட்டால் மட்டும், மேலது ஆக்கிக்கொள்ளலாம். நான் கேட்பதில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றும்போதும் இதே கதைதான். மாற்றிய பின் அடிக்குறிப்பு எண்கள் உரையோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நூலகத்துக்குப் போக முடியாமல் ஸ்கேன் செய்த படியில் படிக்கிறவர்கள் இப்போது அதிகம். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், இலங்கை நூல்களுக்கு நூலகம் தளம் என்று இருந்த இடத்திலேயே கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் திரையின் மூலையில் தெரியும் எண் பக்க எண் அல்ல. அட்டை, முகவுரை, பொருளடக்கம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். திரை 61 என்று காட்டும்போது தாளின்மேல் அச்சாகியிருப்பது 45 ஆக இருக்கும். அச்சான எண்ணையே எழுதுங்கள். மதுரைத் திட்டம் போன்ற மின்பாடங்களில் அச்சுப் பக்கம் தெரியாவிட்டால் பாட்டு எண், இயல் எண் கொடுத்து, தளத்தின் பெயரையும் பார்த்த நாளையும் சேருங்கள். அதைப் படித்துவிட்டு அச்சுநூலைப் பார்த்ததுபோல் எழுதுவது கள்ளக்கணக்கு.

அதைவிடப் பெரிய கள்ளக்கணக்கு, இன்னொருவர் அடிக்குறிப்பைத் தூக்கி நம்முடையதாக்குவது. கல்வெட்டில் இது சாதாரணமாக நடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று இராசராசன் சொல்லும் வரி, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் முதல் எண்ணாக உள்ளது. தெ.இ.க. 2, எண் 1. நீங்கள் அந்தத் தொகுதியைத் திறந்து பார்த்திருந்தால் அப்படியே எழுதுங்கள். ஒரு வரலாற்று நூலில்தான் படித்தீர்கள் என்றால், கல்வெட்டு எண்ணைக் கொடுத்து, 'மேற்கோள்: இன்னார், இன்ன நூல், ப. இத்தனை' என்று நீங்கள் உண்மையில் படித்த நூலைச் சொல்லுங்கள். அவர் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் பழி அவரோடு போகட்டும். நாளிதழ் என்றால் தேதி, பக்கம், எந்த ஊர்ப் பதிப்பு என்பது வேண்டும். மதுரைப் பதிப்பின் ஐந்தாம் பக்கம் சென்னையில் வேறாக இருக்கும். களப்பணியில் கேட்ட கதை, பாட்டு என்றால் சொன்னவர், ஊர், நாள். பெயர் போட அவர் சம்மதிக்காவிட்டால் தகவலாளி 1, 2 என்று எண்.

செயற்கை நுண்ணறிவிடம் 'இதற்குச் சான்று தா' என்று கேட்காதீர்கள். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் பொருத்தமாக அடுக்கி, உலகத்திலேயே இல்லாத நூலைத் தந்துவிடும்.

திருட்டு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் சதவீதத்துக்கு மட்டும்தான் பயப்படுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓர் ஆண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் வைத்து, யாருடையது என்று முறையாகச் சொன்னதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியிருக்க, சதவீதத்தைக் குறைக்கிறேன் என்று மு.வ.வின் வரியில் நாலு சொல்லை மாற்றி, குறியை எடுத்துவிட்டு, அடிக்குறிப்பையும் விட்டுவிடுகிறவர்களை என்னவென்று சொல்வது? முன்பு அது மேற்கோள். இப்போது திருட்டு. சொந்த நடையில் எழுதினாலும் கருத்து அவருடையது என்றால் பெயர் வேண்டும்.

கடைசி வேலைக்கு இரண்டு பேர் தேவை. ஆய்வேட்டின் அச்சுப்படியை வைத்துக்கொண்டு ஒருவர் அடிக்குறிப்பைச் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர் நூலைத் திறந்து அந்த வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால் பத்துக்கு ஒன்று எடுங்கள். இருபது பார்த்ததில் இரண்டு தப்பாக இருந்தால் மீதி அத்தனையும் பார்க்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. போன மாதம் ஒரு மாணவனோடு இப்படி உட்கார்ந்தேன். அவன் "புறம். 278" என்று படித்தான். அந்தப் பக்கம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இருந்தாலும் நூலைத் திறந்தேன்.