திரையைப் பற்றி மலையகப் பிள்ளைகளிடம் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளின் போன் பழக்கம் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். ஆலோசனை வழிகாட்டலுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்கள், உளவளத்துணைப் பயிற்சியை முடித்த இளைஞர்கள், தொண்டு நிறுவனத்தார் எனப் பலரோடும் நான் போய்வருகிறேன். அவர்களுடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் எங்கள் காலத்தவர் செய்து பார்த்துக் கைவிட்ட தவறுகளையே அவர்கள் மறுபடியும் உற்சாகமாகச் செய்வதைக் கண்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிள்ளையைத் திட்ட வேண்டாம், பழைய காலத்தோடு ஒப்பிட வேண்டாம் என்பன எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூளைப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துதல்

முதல் ஸ்லைடிலேயே இரண்டு மூளைப் படங்கள் வரும். ஒன்று போன் பார்க்காத பிள்ளையுடையதாம், மற்றது பார்க்கும் பிள்ளையுடையதாம். படம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியது என்பார்கள். தரம் 10 மாணவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் அவர்கள் காதில் ஏறாது.

டோபமின் நஞ்சு என்று சொல்லாதீர்கள். எது பலன் தரும் என்று மூளை கற்றுக்கொள்ள உதவும் இரசாயனம் அது. பசித்தவர் உண்ணும்போதும், கிரிக்கெட்டில் விக்கெட் விழும்போதும் அது வேலை செய்கிறது. திட்டமிடவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் துணைசெய்யும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதும், அடுத்து வருவது சிரிப்பா சலிப்பா என்று தெரியாதபடி முடிவில்லாமல் ஓடும் சிறு வீடியோக்களை நிறுத்துவது பெரியவர்களுக்கே கடினமாக இருக்கும்போது 14 வயதுப் பிள்ளைக்கு இன்னும் கடினம் என்பதும் போதுமான விளக்கம்.

எண்களைச் சொல்வதானால் இரு பக்கத்தையும் சொல்லுங்கள். ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் எடுக்கப்பட்ட 3 பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து 355,358 இளம் பருவத்தினரின் பதில்களை எடுத்துப் பார்த்தார்கள். நல்வாழ்வில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்பட்ட வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. மறுபுறம், நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகளுக்கான அபாயம் இரு மடங்கு என்று அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரி விவேக் மூர்த்தி 2023 இல் எச்சரித்தார். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். இலட்சக்கணக்கானோரின் சராசரி சிறியதாக இருந்தாலும், உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்குப் பாதிப்பு பெரியதாக இருக்கக்கூடும். மனம் சோர்ந்த பிள்ளை அதனாலேயே போனைத் தேடிப் போவதும் உண்டு.

மணிக்கணக்கை மட்டும் கேட்டல்

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு 2019 இல் தெளிவான அளவு கொடுத்தது: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பதின்ம வயதினருக்கு அப்படி ஒரு மந்திர எண் இல்லை. திரை எதை வெளியே தள்ளியது என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் வெளியே தள்ளப்படுவது தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பூப்பெய்தும் பருவத்தில் உடல் கடிகாரமும் பிந்திப்போய்த் தூக்கம் தாமதமாகவே வருகிறது. பாடசாலையோ 7.30 மணிக்குத் தொடங்குகிறது. தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து இறங்கி நடக்கும் பிள்ளை ஐந்தரைக்கே எழ வேண்டும்.

வகுப்பில் தூங்கி விழும் மாணவனைப் போதைக்காரன் போல நடத்துவதற்கு முன் அவனுடைய டேட்டா பேக்கேஜ் எது என்று கேளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் அதிக டேட்டா தரும் பேக்கேஜ்கள் நம் நாட்டில் உண்டு. கையில் காசு குறைந்த பிள்ளை அதைத்தான் ரீலோட் செய்கிறான், பன்னிரண்டு மணி வரை விழித்துக் காத்திருக்கிறான். இப்படிப்பட்ட ஒருவனின் தந்தையிடம் பேசி, குறைந்த அளவாக இருந்தாலும் பகலில் பயன்படும் பேக்கேஜுக்கு மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதைச் செய்ய உளவியல் பட்டம் தேவைப்படவில்லை.

போனைப் பறித்துப் பூட்டச் சொல்லுதல்

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஒரு தோட்டத்தில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் வெகு நேரம் போனோடு இருக்கிறாள் என்று அவளுடைய அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, முறையிட்டார். புதிதாக வந்த தொண்டர் ஒருவர், இரவு எட்டு மணிக்குப் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, தம் அறிக்கையில் "திரை நேரம் குறைந்துள்ளது" என்று எழுதிக் கொடுத்தார். அறிக்கை பொய்யில்லை, திரை நேரம் குறையத்தான் செய்தது. ஆனால் பிள்ளை பாடசாலைக்கு வருவதும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது, வகுப்பில் பேச்சு நின்றே போனது. காரணத்தை அவள் வாயிலிருந்து வரவழைப்பதற்கு அவளுடைய வகுப்பாசிரியைக்கு நெடுநாள் பிடித்தது. "அம்மா பேசுற நேரத்துலதான் டீச்சர், அம்மாயி போனை வச்சுப் பூட்டுறாங்க."

அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். எசமானரின் வீட்டில் பாத்திரம் கழுவி முடித்து அவர் இரவு பத்து மணிக்குப் போனை எடுத்தால், இங்கே பன்னிரண்டரை. மகள் பதில் தராததைக் கண்டு, வெளிநாடு போனதற்காகத் தன்மீது கோபித்துக்கொண்டாள் என்று அந்தத் தாய் எண்ணியிருந்தார். ஒரே ஒரு கேள்வி, "இரவில் யாரோடு பேசுகிறாய்?" என்பது, முதல் நாளே கேட்கப்பட்டிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. மலையகத்தில் எத்தனை வீடுகளில் தாய் வெளிநாட்டில் இருக்கிறார் என்பது அந்தத் தொண்டருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பறிப்பதால் வரும் இன்னொரு கேட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எது நடந்தாலும் தண்டனை போன் பறிபோவதுதான் என்று பிள்ளை கற்றுக்கொண்டால், முகம் தெரியாத ஒருவன் அவளுடைய படத்தைக் காட்டி மிரட்டும் நாளில் அவள் நம்மிடம் வரமாட்டாள். மிரட்டுகிறவனும் "வீட்டில் சொன்னால் உன் போன்தான் போகும்" என்றே சொல்வான். நாம் போட்ட சட்டம் அவனுக்குத் துணை நிற்கும். ஆகவே கூட்டத்திலேயே, பெற்றோர் எதிரிலேயே ஓர் உறுதி வாங்குங்கள்: பிரச்சினையைச் சொல்லி வரும் பிள்ளையிடமிருந்து அந்தக் காரணத்துக்காகப் போன் வாங்கப்படாது.

அந்தச் சிறுமியின் வீட்டில் பிறகு செய்தது எளிய ஏற்பாடு. வார நாட்களில் அம்மா குரல் பதிவு அனுப்புவார், மகள் காலையில் கேட்டுப் பதில் அனுப்புவாள். மறுநாள் பாடசாலை இல்லாத வெள்ளி, சனி இரவுகளில் இருவரும் பேசுவார்கள். பேசி முடிந்ததும் போன் அம்மாயியின் தலைமாட்டுக்குப் போகும். அந்த ஏற்பாட்டைச் சொன்னவள் அந்தப் பிள்ளைதான், நாங்கள் எழுதிக்கொண்டோம்.

வேறு வீட்டுக்கு எழுதப்பட்ட அறிவுரை

"போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்." தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் ஐந்து பேர் படுக்கும்போது எது படுக்கையறை?

எல்லோருக்கும் நோய்ப் பெயர் சூட்டுதல்

கேம் விளையாடும் பழக்கம் நோயாகலாம் என்பதை உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ளது. 2022 இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அது இடம்பெறுகிறது. ஆனால் கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளி, கேடு விளைந்தும் நிறுத்த முடியாமல், படிப்பும் உறவும் கெடும் நிலை சாதாரணமாக 12 மாதங்களாவது தொடர்ந்திருக்க வேண்டும். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை முடிந்த விடுமுறையில் நாள் முழுதும் ஃப்ரீ ஃபயர் கேம் விளையாடும் பையன் இதில் சேரமாட்டான். முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர்.

இரவு பத்து மணிக்கு வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புதல்

ஆசிரியர்களே, நிறுத்துங்கள்.

பெற்றோரின் போனைப் பற்றி வாய் திறக்காமல் விடுதல்

பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பதிலோடு போங்கள்.

தனியே சமாளிக்கப் பார்த்தல்

தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ வாழப் பிடிக்கவில்லை என்றோ பிள்ளை பேசினால், திரை பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவளைத் தனியே விடாமல், நம்பகமான பெரியவர் ஒருவரை வரவழைத்து, அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது முதல் வேலை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 உதவி இலக்கமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. மிரட்டல், துஷ்பிரயோகம் என்றால் பின்னது. கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும் நேரத்தில் இவற்றை ஸ்லைடில் ஓடவிடாமல், நடுவிலேயே நிறுத்திக் கொப்பியின் பின் அட்டையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பலரிடம் சொந்தப் போன் இல்லை, வீட்டுப் போனில் சேமித்தால் மற்றவர்கள் பார்த்துக் காரணம் கேட்பார்கள்.