காற்றடிக்கும் கடையும் கணினி விசிறியும்

சென்ற கிழமை, எங்களிடம் தொழில் பழகும் தம்பி ஒருவர், இரைச்சல் போடும் கணினிப் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு திருத்தகத்தின் வாசலைத் தாண்டினார். எங்கே என்று கேட்டேன். "முன்னாலுள்ள ரயர் கடைக்கு, அண்ணா. ஒருதடவை காற்றடித்தால் தூசி எல்லாம் பறந்துவிடும்" என்றார். பெட்டியை இறக்கச் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது. கிளிநொச்சியில், இதே ஏ-9 வீதியோரத்தில், நானும் ஒரு நாள் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனேன். அதனால்தான், இரையும் கணினியைத் திருத்தும்போது நாம் விடும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

மின்சாரத்தை நிறுத்தாமல் கைவைப்பது, திருகாணியைத் தொலைப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

எந்த விசிறி என்று பார்க்காமல் விசிறி வாங்குவது

ஒரு பெட்டிக்குள் ஒரு விசிறி மட்டும் இருப்பதில்லை. கணினியின் மூளையான சிபியுவின் மேல் ஒன்று, மின்சாரம் வழங்கும் பவர் சப்ளைக்குள் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று. கிராபிக்ஸ் அட்டை இருந்தால் அதிலும் ஒன்றோ இரண்டோ இருக்கும். கடதாசியைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்கும் அருகே கொண்டுபோனாலே பாதி விடை கிடைத்துவிடும். இன்னும் ஐயம் இருந்தால், பின்பக்க விசிறியின் நடுக் குமிழை விரல் நுனியால் மெல்ல அழுத்தி இரண்டு மூன்று விநாடிகள் நிறுத்துங்கள். இதழைத் தொடக் கூடாது. பவர் சப்ளைக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. சத்தம் நின்றால் அதுதான். எல்லா விசிறியையும் பார்த்த பிறகும் சத்தம் தொடர்ந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டுப் பாருங்கள்.

சத்தத்திலும் வகை உண்டு. காலையில் போட்டதும் "கிர்ர்" என்று அரைத்து, சூடேறியதும் அடங்கினால், விசிறியின் அச்சு சுழலும் தாங்கியில் (பெயரிங்) எண்ணெய் வற்றிவிட்டது. பக்க மூடியை உள்ளங்கையால் அழுத்தியதும் அதிர்வு நின்றால் திருகாணி தளர்ந்திருக்கிறது. ஒரே தாளத்தில் "டக் டக்" என்றால் ஏதோ ஒன்று இதழில் தட்டுகிறது. அந்தத் தம்பி தூக்கிக்கொண்டு போன பெட்டியில் இருந்தது இந்த மூன்றாவது வகைதான். மூடியைத் திறந்தோம். மெல்லிய கறுப்பு வயர் ஒன்று விசிறிச் சட்டத்துக்குள் சரிந்திருந்தது. இதழ்கள் உரசிய இடத்தில் அதன் தோல் வெளுத்திருந்தது. வயரை ஒதுக்கிக் கட்டியதோடு வேலை முடிந்தது.

ரயர் கடைக் காற்று

நான் தொழில் பழகத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். பரந்தனில் பிரதி எடுக்கும் கடை வைத்திருந்த அக்கா ஒருவர், கடனுக்கு வாங்கிய தன் கணினியைக் கொண்டுவந்தார். "வேலை செய்கிறது தம்பி. இரைச்சல்தான். வருகிறவர்கள் சொல்வது காதில் விழுவதில்லை" என்றார்.

மூடியைத் திறந்தபோது சிபியு விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. கிரவல் வீதிப் புழுதி, நெற்சுணை, நூல், முடி எல்லாம் சேர்ந்த ஒரு மெத்தை. காற்றுக்கு வழியில்லை. சிபியு சூடாகிறது, சூடாக ஆக, எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்ட், விசிறியை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறது. அந்த விசிறியில் ஒரு குறையும் இல்லை. நான் செய்ய வேண்டியிருந்தது அந்த மெத்தையை எடுப்பது மட்டுமே.

நான் அதை ரயர் கடைக்குக் கொண்டுபோனேன். லொறி ரயருக்குக் காற்றடிக்கும் குழாயை வாங்கி, விசிறிக்கு நேரே பிடித்தேன். விசிறி சீழ்க்கையடித்துக்கொண்டு சுழன்றது. தூசி மேகமாகக் கிளம்பியது. அந்தச் சீழ்க்கையைக் கேட்டு நான் மகிழ்ந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. குழாயை எடுத்தபின் பார்த்தால், வெள்ளைச் செருகி ஒன்றின் ஓரத்தில் கடுகளவு நீர்த்துளி. அதைச் சுற்றி எண்ணெய்ப் பளபளப்பு. சட்டை நுனியால் துடைத்துவிட்டு, திருத்தகத்துக்கு வந்து மின்சாரம் கொடுத்தேன். ஒருமுறை எழுந்தது. விசிறி முன்பைவிட மோசமாக அரைத்தது. பிறகு அணைந்தது, மீண்டும் எழவே இல்லை. கழற்றிப் பார்த்தபோது அந்தச் செருகியின் அடியில் கருகிய புள்ளி ஒன்று இருந்தது. புது மதர்போர்டுக்கான பணம் என் சம்பளத்தில் மாதாமாதம் கழிந்தது. அந்த அக்கா இழந்த வேலை நாட்களுக்கு எதைக் கொடுத்து ஈடு செய்வது?

ஏன் கூடாது என்பதைச் சொல்கிறேன். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகிக் காற்றுத் தொட்டியின் அடியில் தேங்குகிறது. அந்த நீரை நாள்தோறும் வடிக்காவிட்டால், இயந்திரத்தின் எண்ணெயோடு சேர்ந்து குழாய் வழியே அது வெளிவரும். அடுத்தது வேகம். சாதாரணப் பெட்டி விசிறி நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்றுகளுக்காகச் செய்யப்பட்டது. லொறி ரயரை நிரப்பும் காற்றின் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும், அந்தக் காற்று விசிறியை அதன் எல்லைக்கு மேல் பலமடங்கு சுழற்றிவிடுகிறது. தாங்கி தேய்கிறது, இதழ் உடைந்தும் போகலாம். நுண்ணிய தூசியும் தாங்கிக்குள்ளேயே புகுகிறது. இரைச்சலை நிறுத்தப் போய், நிரந்தர இரைச்சலை வாங்கி வருகிறோம். இன்னொன்றும் உண்டு: விசிறியின் மோட்டருக்குள் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. வெளியிலிருந்து சுழற்றினால் அது சிறிய டைனமோவாகி, மதர்போர்டை நோக்கி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும்.

சரியான முறைக்கு அரை மணி நேரம் போதும். மின்வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். இதழ்களுக்கு இடையில் ஈர்க்கு ஒன்றைச் செருகி விசிறி சுழலாமல் தடுங்கள். விசிறியை மட்டும் தனியாகக் கழற்ற முடிந்தால், தகடுகளின் மேலுள்ள தூசி மெத்தையை விரலாலேயே உரித்து எடுக்கலாம். ஒரே துண்டாக வந்துவிடும். மிச்சத்துக்குக் காய்ந்த மென்மையான வர்ணத் தூரிகை. கையால் அமுக்கும் ரப்பர் ஊதியோ சிறிய மின் ஊதியோ இருந்தால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஊதுங்கள்.

வெப்பத் தகட்டை யோசிக்காமல் பிடுங்குவது

சிபியுவின் மேல் அமர்ந்திருக்கும் அலுமினியத் தகட்டுத் தொகுதிதான் வெப்பத் தகடு. தூசிக்காக அதைக் கழற்றத் தேவையே இல்லை. கழற்றினால், சிபியுவின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பழைய பசையை முழுதாகத் துடைத்துப் புதுப் பசை இட வேண்டும். பசை இல்லாமல் திரும்பப் பூட்டினால் சூடு ஏறி, விசிறி முன்பைவிடக் கூடுதலாக இரையும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் சிபியு பொருந்தும், ஏ.எம்.4 என்ற வகை வரையான மதர்போர்டுகளில் குளிர்ந்த நிலையில் இழுத்தால், காய்ந்த பசையோடு ஒட்டிக்கொண்டு சிபியுவும் மேலே வந்துவிடக்கூடும்; அதன் ஊசிகள் வளைந்துவிடலாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

தேங்காய் எண்ணெய்

வேண்டாம். பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் புது விசிறி வாங்கும்வரை.

பவர் சப்ளையைத் திறப்பது

திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் அதன் கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். விசிறி கெட்டால் பவர் சப்ளையையே மாற்றுங்கள்.

நான்கு ஊசிக்கு மூன்று ஊசி

நான்கு ஊசி விசிறிக்குப் பதிலாக மலிவான மூன்று ஊசி விசிறியைப் பூட்டிவிட்டு, "புதிது போட்டும் இரைகிறது" என்று வருகிறார்கள். எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று மதர்போர்ட் விசிறிக்குச் சொல்லும் வழி நான்காவது ஊசிதான். அது இல்லாவிட்டால், சில மதர்போர்டுகளில் விசிறி எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும். கணினி எழும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயோஸில் விசிறிப் பகுதியைத் திறந்து, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் முறைக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மாற்ற முடிந்தால் இரைச்சல் அப்போதே அடங்கும்.

மூடியைக் கழற்றிவிட்டே பாவிப்பது

பல்லியும் எறும்பும் உள்ளே குடிவரும்.

இரைந்த பிறகு துப்புரவு செய்வது

வன்னியில் வருடத்துக்கு இரண்டு முறை வேண்டும்: பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் ஒன்று, சோளகக் காற்று ஓய்ந்து புழுதி அடங்கியதும் ஒன்று. பரந்தன் அக்காவின் கடைக்கு அந்த இரண்டு தடவையும் தூரிகையும் ஈர்க்குமாக நானே போகிறேன்.